சந்தேகங்களுக்கு விளக்கம்: ஏற்காடு ரோடு வெறும் 3 டிகிரி ஏற்றம்தானா?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் அடிக்கடி பைக்கில் ஏற்காடு போய்வருகிறவர். "அடிவாரத்துக்கும் ஏரிக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கிறது. ரோடு நீளம் இருபது கிலோமீட்டரை ஒட்டி. வகுத்துப் பார்த்தால் மூன்று டிகிரிகூட வரவில்லை. ஆனால் வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் ரோடு சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. பைக்கும் சில இடத்தில் முதல் கியர் கேட்கிறது. நான் கண்ணை நம்புவதா, கணக்கை நம்புவதா?" இதுதான் கேள்வி. மிக நல்ல கேள்வி.

முதலில் அவர் கணக்கு சரி. 20,000 மீட்டர் போவதற்குள் 1,000 மீட்டர் ஏறுகிறோம் என்றால் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். டிகிரியில் சொன்னால் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. நம் வீட்டு மாடிப்படியே முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் ஏற்காடு ரோடு சமதளம்தான். அப்படியானால் இன்ஜின் ஏன் திணறுகிறது? இன்ஜினுக்குக் கண் கிடையாது, அது ஏமாறாது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அவர் போட்டது சராசரி. சராசரி மொத்தப் பாதையைப் பற்றிச் சொல்லும், உங்கள் டயர் இந்த நிமிஷம் எதன்மேல் ஏறுகிறது என்று சொல்லாது. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை இது. ஒரே ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். பேப்பர் இருந்தால் வரைந்துகொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு அளவு வைத்துக்கொள்கிறேன்: வளைவின் உள்விளிம்பு 5 மீட்டர் ஆரம், வெளிவிளிம்பு 12 மீட்டர் ஆரம். அரைவட்டம் சுற்றி முடிப்பதற்குள் ரோடு 2 மீட்டர் உயர்கிறது. உள்விளிம்பை ஒட்டிப் போகிறவர் சுற்றும் தூரம் 5 பெருக்கல் 3.14, அதாவது 15.7 மீட்டர். வெளியே போகிறவருக்கு 37.7 மீட்டர். இரண்டு பேரும் ஏறுவது அதே 2 மீட்டர்தான். வெளியே போகிறவருக்கு நூற்றுக்கு ஐந்து, உள்ளே போகிறவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். ஒரே ரோடு, ஒரே வளைவு, ஆனால் ஏற்றம் இரண்டரை மடங்கு.

இன்னொன்றும் பாருங்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். மேலே ஏறும்போது வளைவு இடதுபக்கம் திரும்பினால் உள்விளிம்பு நமக்கு வந்து சேரும். வலதுபக்கம் திரும்பினால் வெளிவிளிம்பு. அதனால் இடது வளைவில் பைக் முதல் கியர் கேட்கும், அடுத்த வலது வளைவில் இரண்டாம் கியரிலேயே போய்விடும். தம்பி, அடுத்த தடவை போகும்போது எந்தப் பக்க வளைவில் கியர் இறக்குகிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். மலைச்சாலை போடுகிற பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளைவு வரும் இடத்தில் ஏற்றத்தைத் தணித்துப் போட வேண்டும் என்று அவர்கள் தொழிலில் விதியே உண்டு. தணித்துப் போட்டாலும் உள்ளே இருக்கிறவனுக்கு எப்போதும் கூடத்தான் இருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இது இன்ஜினுக்கான பதில். கண்ணுக்கான பதில் வேறு. வளைவே இல்லாத நேரான ஏற்றத்திலும் ரோடு எழுந்து நிற்கிற மாதிரிதான் தெரியும். இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1995-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் பிராஃபிட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சரிவான இடங்களின் அடியில் ஆட்களை நிற்க வைத்து, இது எத்தனை டிகிரி என்று கேட்டார்கள். 5 டிகிரி சரிவைச் சுமார் 20 என்றார்கள். 10 டிகிரியைச் சுமார் 30 என்றார்கள். ஒருவர் இருவர் இல்லை, பொதுவாகவே எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது. அதே சரிவைப் பார்த்துக்கொண்டே, பார்வைக்கு மறைவாக வைத்த ஒரு பலகையை உள்ளங்கையால் அதே அளவுக்குச் சாய்க்கச் சொன்னபோது உண்மைக்கு மிகவும் நெருக்கமாகச் சாய்த்தார்கள். வாய் சொன்னது தப்பு, கை சொன்னது கிட்டத்தட்ட சரி. கை இயல்பிலேயே சரியாகச் சொன்னதா, இல்லை மணிக்கட்டு அதற்குமேல் வளையாததால் அப்படி வந்ததா என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள், அது தனிக் கதை. ஆனால் கண் சரிவைக் கூட்டிச் சொல்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 57 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் 57 என்றால், அந்த நீளத்தில் ஒரு முனையை 1 சென்டிமீட்டர் தூக்கினால் பலகை கிட்டத்தட்ட 1 டிகிரி சாயும். 5 சென்டிமீட்டர் தூக்கினால் 5 டிகிரி. அடியில் ஒரு புத்தகத்தை வைத்து 5 சென்டிமீட்டர் தூக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். "இவ்வளவுதானா?" என்று இருக்கும். ஏற்காடு ரோட்டின் சராசரி ஏற்றம் இதைவிடக் குறைவு! பக்கவாட்டில் பார்க்கும்போது கோணம் கோணமாகவே தெரிகிறது. ரோட்டில் நாம் பக்கவாட்டில் நிற்பதில்லை, நேர் எதிரே நிற்கிறோம். எதிரே நிற்கும்போது நீளம் எல்லாம் மடங்கிச் சுருங்கிவிடுகிறது, உயரம் மட்டும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் கொத்தனார்கள் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் தளம் போடும்போது ரசமட்டம் வைக்கிறார்கள், அல்லது டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கண் ஏமாற்றுகிறதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. கண்ணும் கணக்குப் போடுகிறது, ஆனால் அது பதில் சொல்வது வேறு ஒரு கேள்விக்கு. யோசித்துப் பாருங்கள், நடக்கிற மனிதனுக்கு எந்தச் சரிவுகளுக்கு நடுவில் வித்தியாசம் தெரிய வேண்டும்? 2 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் தெரிய வேண்டும். தலையில் சுமையோடு போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். 62 டிகிரிக்கும் 65 டிகிரிக்கும் தெரிந்து என்ன ஆகப் போகிறது? இரண்டிலும் நடக்க முடியாது. அதனால் நாம் புழங்குகிற சின்னக் கோணங்களைக் கண் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, புழங்காத பெரிய கோணங்களை நெருக்கிவைக்கிறது. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மலை ஓட்டுகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கண்ணுக்கு மலைமேல் அடிவானம் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் மரம், எது மட்டம் என்று காட்ட ஒன்றும் இல்லை. அதனால் கண் இதுவரை வந்த ரோட்டையே மட்டமாக வைத்துக்கொள்கிறது. கடும் இறக்கத்தில் கொஞ்ச நேரம் வந்துவிட்டு, இறக்கம் கொஞ்சம் தணிகிற இடத்துக்கு வந்தால், அது சமதளமாகத் தெரியும். சில இடத்தில் ஏற்றமாகவே தெரியும். ஆனால் அங்கேயும் வண்டி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, வேகம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. சமதளம் வந்துவிட்டது என்று கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் அடுத்த வளைவில் பிரேக் ஒன்றையே நம்ப வேண்டிவரும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அந்த விதியில் கண்ணுக்கு வேலையே இல்லை, அதுதான் அதன் பலம்.

இப்போது தம்பி கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் சரிவில் மட்டும் இல்லை, எல்லாப் புலனிலும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் என்பவர் எடையை வைத்து இதைச் சோதித்தார். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கையில் 40 கிராம் இருந்தால் ஒரு கிராம் கூடினது தெரியலாம். 400 கிராம் இருந்தால் ஒரு கிராம் தெரியாது, பத்து கிராம் கூட வேண்டும். எத்தனை கிராம் என்று கை பார்ப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதில் எத்தனை பங்கு என்று பார்க்கிறது. வெபர் கண்டது தோராயமாக நாற்பதில் ஒரு பங்கு. கூட்டல் இல்லை, விகிதம். அவருக்குப் பின்னால் ஃபெக்னர் என்பவர் 1860-இல் இதை மடக்கைக் கணக்காகவே எழுதினார். மடக்கை என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த லாகரிதம்தான். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோனோமே, அதை நம் தோலும் காதும் பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நம் ஊர்ப் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. வானத்தில் மேகம் இல்லாத ராத்திரி ஏற்காட்டில் தங்கினால் நட்சத்திரங்களைப் பாருங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கர்கள் நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்த்து ஆறு படியாகப் பிரித்துவிட்டார்கள். மிகப் பிரகாசமானது முதல் படி, கண்ணுக்கு எட்டும் கடைசி மங்கல் ஆறாம் படி. ஒவ்வொரு படியும் சம இடைவெளி என்பது அவர்கள் கண்ணின் தீர்ப்பு. 1856-இல் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் அந்தப் படிகளுக்கு ஒரு திட்டமான கணக்கைக் கொடுத்தார். முதல் படிக்கும் ஆறாம் படிக்கும் வெளிச்சம் சரியாக நூறு மடங்கு என்று வைத்தார். அதன்படி ஒவ்வொரு படிக்கும் சுமார் இரண்டரை மடங்கு வரும். கண்ணுக்குச் சமமான படி, கருவிக்கு இரண்டரை இரண்டரையாகப் பெருகுகிற படி. இன்றைக்கும் வானியலில் அந்த அளவுகோல்தான். அந்த போக்சன் பிறகு 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயேதான் இருந்தார். சென்னையிலிருந்து அவர் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு 'ஆசியா' என்றே பெயர். இவரைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, கண்ணை இவ்வளவு புகழ்ந்தாயே, எங்கே அது கைவிடும் என்று கேட்பீர்கள். கொள்ளளவில் கைவிடும். நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது, மேட்டூர். தினமும் செய்தியில் அணை நீர்மட்டம் இத்தனை அடி என்று கேட்கிறோம். முழு மட்டம் 120 அடி. 60 அடி என்று கேட்டதும் மனசு "பாதி அணை" என்று சொல்லிவிடுகிறது. 120 அடியில் இருக்கும் தண்ணீர் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி). 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். பாதி உயரம், ஆனால் கால்வாசிக்குச் சற்றுக் கூடத்தான் தண்ணீர். ஏனென்றால் அணைக்குப் பின்னால் இருப்பது மலைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். அடியிலிருக்கிற 60 அடியில், ஒரு அடிக்குச் சராசரியாக அரை டி.எம்.சி.கூட வராது. மேலிருக்கிற 60 அடியில் ஒரு அடிக்கு ஒரு டி.எம்.சி.க்கும் மேல்.

இங்கே கண்ணின் விகிதக் கணக்கும் உதவாது, அனுபவமும் அவ்வளவாக உதவாது. கண் பார்ப்பது ஒரு கோட்டை, அணையின் சுவரில் இருக்கிற அளவுகோலை. தண்ணீர் கோடு இல்லை. அதனால் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று கணக்குப் பார்க்கிற டெல்டா விவசாயிகள் அடியை மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை, இருப்பு எத்தனை டி.எம்.சி., வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி என்று மூன்றையும் கேட்கிறார்கள். ஒரு டி.எம்.சி. என்பது விநாடிக்குச் சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் போதும், திறப்பு அளவைக் கேட்டதும் இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே வகுத்துப் பார்த்துவிடலாம்.

அதனால் தம்பிக்கு என் பதில் இது. காலுக்கும் கைக்கும் எட்டுகிற விஷயத்தில், ஏறலாமா, தூக்கலாமா, தாண்டலாமா என்பதில் கண்ணை நம்புங்கள். மலையில் இறங்கும்போது கியரை நம்புங்கள். தண்ணீர், கடன் வட்டி, நிலப்பரப்பு மாதிரி உடம்பால் அளக்க முடியாத எதுவானாலும் பேனாவை எடுத்துவிடுங்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவை ஒரு தடவை வரைந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் கியர் குறைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.