ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 27 வருஷம் மிட்வைஃபாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். களைப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

"ஒடம்பு அசதியா இருக்கு மிஸ்." அந்த 27 வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். கிளினிக்குக்கு வேறு எதற்கோ வந்திருப்பார்கள். எல்லாம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொல்வார்கள். இதையெல்லாம் ஒரு நோய் என்று சொல்லலாமா என்று அவர்களுக்கே கூச்சம். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், மலையில் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது, பிறகு எப்படிச் சொல்வது?

எனக்கே அது வந்தது. 41 வயதிருக்கும். லயத்து வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்கும். பின்னேரம் நாலு மணிக்கே கண் சொருகும். வயசாகிறது என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் இரத்தம் சோதிக்கச் சொன்னவள், என் கையை நீட்ட இரண்டு வருஷம் எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 ஆவது இருக்க வேண்டும், ஆணுக்கு 13. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஒட்சிசனைக் கைகால்களுக்குச் சுமந்து போவது இந்த ஹீமோகுளோபின்தான். அது உண்டாக இரும்புச்சத்து வேண்டும். குறைந்துவிட்டால், அரைக்கூடைக் கொழுந்தே முழுக்கூடை மாதிரி கனக்கும்.

டாக்டர் என் சாப்பாட்டைக் கேட்டார். காலையில் ரொட்டி, சம்பல், கூடவே சாயத்தண்ணி. பகலில் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், சாப்பிட்ட கையோடு இன்னொரு சாயத்தண்ணி. "தினமும் கீரை சாப்பிடுகிறேனே" என்றேன், கொஞ்சம் கர்வமாக. "சாப்பிடுகிறீர்கள், பிறகு தேத்தண்ணி ஊற்றி அதைக் கழுவி விடுகிறீர்கள்" என்றார்.

தேயிலையில் ஒரு துவர்ப்பு இருக்கிறதல்லவா, கீரையிலும் பருப்பிலும் கௌப்பியிலும் வரும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் சேராமலே போய்விடும். தேத்தண்ணியை விடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டதிலிருந்து நம்முடைய பிழைப்பே அதில்தான். குடிக்காதே என்று சொன்னால் என் அம்மாவே இப்போது ரேடியோவை நிறுத்திவிடுவார். குடிக்கிற நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும்.

மலையில் மழையில் நனைந்து விரல் விறைத்துப்போய் ரொட்டியைப் பிரிக்கிறவருக்குச் சூடாக ஏதாவது வேண்டும், எனக்குத் தெரியும். போத்தலில் சுடுதண்ணி கொண்டு போய், தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம். தேசிக்காய்ப் புளி இரும்பு உடம்பில் சேர உதவி செய்யும். சம்பலுக்கும் சுண்டலுக்கும் பிழிகிறோமே, அதுவும் நல்லதுதான். கொய்யாப்பழம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. நெத்தலி, இறைச்சி, ஈரல் இதில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். கொஞ்சமாக இருந்தாலும் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் மட்டும் வைக்காமல் சமைத்தவரும் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் அம்மாவின் தட்டில் குழம்பு மட்டும்தான் மிஞ்சும்.

அப்புறம் தண்ணி. உடம்பில் தண்ணி குறைந்தாலே தலை வலிக்கும், அசதி வரும். ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: மலையில் ஒதுங்க இடமில்லை. சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடு வந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். இதைப் பழக்கத்தால் மாற்று என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது அநியாயம். மலையில் கழிப்பறை வேண்டும், அதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அதுவரைக்கும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்னும், பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வரும்போதும், வேலை விட்டு வந்ததும் நன்றாகக் குடியுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் எனக்கு அதே தயக்கம்தான். ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விடிய நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் விட்டு மலைக்குப் போகிறவர், இரவு பத்து மணிக்குத்தான் பாத்திரம் கழுவி முடிக்கிறார். இதில் ஏழு மணி நேரத்துக்கு எங்கே போவது? வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமாரே, இரவில் பாத்திரத்தை நீங்கள் கழுவினால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அரைமணி நேரத் தூக்கம் கூடும். மருந்துக் கடையில் அது கிடைக்காது. பின்னேரம் நாலு மணிக்கு மேல் சாயத்தண்ணி வேண்டாம்; தேயிலையில் தூக்கத்தைக் கலைக்கிற கஃபேன் இருக்கிறது, ஐந்து மணி நேரம் கழிந்தும் அதில் பாதியளவு உடம்பில் நிற்கும். போனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, வீட்டில் ஏற்கெனவே சண்டை நடக்கிறது.

வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். காலில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், பூச்சி மாத்திரையையும் தட்டிக் கழிக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் இரண்டு மூன்று கிழமையில் அசதி போகவில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். சீனி வருத்தமும் தைரொயிட்டும் மனச்சோர்வும் இதே முகத்தோடுதான் வரும். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். பயந்துபோய் மாத்திரையைக் கூரை இடுக்கில் சொருகி வைத்தவர்கள் உண்டு. நானே ஒருமுறை ஒரு லயத்தில் மூன்று மாதத்து மாத்திரையைக் கண்டெடுத்தேன். அந்தக் கறுப்பு நிறம் மாத்திரையால் வருவது, ஒன்றும் செய்யாது. வயிற்றைப் பிரட்டினால் நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். விழுங்கும்போது பச்சத்தண்ணி போதும். தேத்தண்ணியோடு மட்டும் வேண்டாம்.