நிலக்கரி எப்போதும் தேவைப்படுமாம்

[கறுப்புத் திரை. ஓர் ஆண்குரல் மட்டும்.]

ஆல்பம் ஆரம்பிப்பதே பேச்சில்தான். பழைய ஹாலிவுட் படங்கள் பார்த்தவர்களுக்கு யார் குரல் என்று சட்டெனப் பிடிபட்டுவிடும். நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் சுரங்கத்துக்குப் போவதுதான் ஆசை, சுரங்கத் தொழிலாளர்கள் நடையிலேயே அப்படி ஒரு மிடுக்கு என்று சொல்லிக்கொண்டே போகிறார். பின்னால் வயலின்கள் மெல்ல ஏறுகின்றன.

[வரைபடம்: தெற்கு வேல்ஸ், விரித்த விரல்கள் போலப் பள்ளத்தாக்குகள்.]

'பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங்' என்ற இண்டி இசைக்குழு 2017-ல் வெளியிட்ட 'எவ்ரி வேலி' ஆல்பம் இது. பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸில், தெற்குப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் எழுந்து விழுந்த கதை. பழைய ஆவணப்படம், செய்திப்படம், விளம்பரம் இவற்றிலிருந்து குரல்களை வெட்டி எடுத்து, அதைச் சுற்றி இசை கோப்பது இவர்கள் வழக்கம். முந்தைய ஆல்பம் அமெரிக்க-சோவியத் விண்வெளிப் போட்டியைப் பற்றியது. வானத்தில் இருந்தவர்கள் அப்படியே பாதாளத்துக்கு இறங்கிவிட்டார்கள்!

ஆனால் இவர்கள் லண்டன்காரர்கள். அடுத்த ஊர் இழவில் போய் ஒப்பாரி வைக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி வரும் இல்லையா? அதனால்தானோ என்னவோ, ரெக்கார்டிங்கை எபு வேல் என்ற தெற்கு வேல்ஸ் ஊரிலேயே, தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய மன்றக் கட்டிடத்தில் வைத்துக்கொண்டார்கள். பேச்சை ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டார்கள்.

[கறுப்பு வெள்ளை: துறைமுகம், நிலக்கரி வேகன்கள்.]

தெற்கு வேல்ஸ் நிலக்கரி நீராவிக் கப்பல்களுக்குப் பேர்போனது. 1913-ல் மட்டும் ஏறக்குறைய 5.7 கோடி டன் வெட்டி எடுத்தார்கள். 1920 வாக்கில் சுமார் 2.7 லட்சம் பேருக்கு அதுதான் சோறு. அப்புறம் கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, வாங்கிய நாடுகள் வேறு இடம் தேடின, சரிவு தொடங்கிவிட்டது.

[1970-களின் விளம்பரம் போல வண்ணம் மாறுகிறது.]

சரி, எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சுரங்கங்களை நடத்திய பிரிட்டன் அரசின் தேசிய நிலக்கரி வாரியம் 1970-களில் ஆள் எடுக்க ஒரு விளம்பரம் போட்டது. வாங்க, நல்ல சம்பளம், நிரந்தர வேலை, நிலக்கரி மக்களுக்கு எப்போதும் தேவைப்படும் என்று குஷியாக அழைக்கிறது ஒரு குரல். அதைப் பாட்டாக்கிய குழு கேலியாக ஒரு சுரம்கூடச் சேர்க்கவில்லை. விளம்பரம் எவ்வளவு உற்சாகமோ, இசையும் அவ்வளவு உற்சாகம். கேட்கும் நமக்கு மட்டும் முடிவு தெரியும். முழு ஆல்பத்திலும் துள்ளலான பாட்டும் இதுதான், என்னைக் கலங்க வைத்த பாட்டும் இதுதான்.

[திரையில்: மார்ச் 1984.]

20 சுரங்கங்களை மூடப் போகிறோம், 20,000 வேலைகள் போகும் என்று அதே வாரியத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. ஓராண்டு ஸ்ட்ரைக். இதைச் சொல்லும் பாட்டில் கிட்டார் காது கிழிய அலறுகிறது. நடுவில் ஒருவர், போலீஸை மதிக்கச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், இப்போது மதிப்பில்லை என்கிறார். கத்தவில்லை, சாதாரணமாகச் சொல்கிறார்.

தொழிலாளர்கள் தோற்றார்கள். 1985 மார்ச்சில் தெற்கு வேல்ஸின் மார்டி ஊர்க்காரர்கள் பித்தளை வாத்தியங்கள் முன்னே முழங்க, சங்கக் கொடியோடு ஊர்வலமாகத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த ஊர்ச் சுரங்கமும் 1990-ல் மூடப்பட்டது.

[ஒரு கை, ஒரு விளக்கு.]

அடுத்தது பெண்கள். 1842-லேயே பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாதென்று பிரிட்டனில் சட்டம் வந்துவிட்டது. இறங்குகிற ஆணின் கையில்தான் விளக்கு இருக்கும். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்போ 'எனக்கு ஒரு விளக்கு தந்தார்கள்'. அதில் பேசுவது பெண்கள். ஸ்ட்ரைக் காலத்தில் பொதுச் சமையல், நிதி திரட்டல் என்று வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள். அவர்கள் குரலில் தோல்வியின் சோர்வே இல்லை.

[திரை மெல்ல இருள்கிறது.]

கடைசிப் பாட்டில் பழைய பதிவு எதுவும் இல்லை. எபு வேலுக்கு அடுத்த ஊரான போஃபர்ட்டின் ஆண்கள் பாடகர் குழு நேரில் வந்து பாடியது. வீட்டுக்குக் கூட்டிப் போ என்கிறார்கள். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அடித்தொண்டைக் குரல்களைச் செல்போன் ஸ்பீக்கர் விழுங்கிவிடும்.