டீ குடிக்கப் போன அண்ணன்

(நாகர்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில், கோயில் கொடையின் (ஊர்த் திருவிழாவின்) முதல் நாள் இரவு நடந்த பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய கலை இலக்கியத்தில் நாட்டார் தெய்வங்களான மாடனும் இசக்கியும் வாழ்கிறார்களா, வெறும் வேடமாகிவிட்டார்களா? ‘வாழ்கிறார்கள்’ அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

நடுவர் அய்யாவுக்கும், எதிரணிக்கும், கொடைக் கமிட்டிக்கும், சாயங்காலமே பாயை விரிச்சு இடம் பிடிச்ச அம்மாமாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் சேர்த்து இப்பவே நன்றி. பெல் அடிச்ச பிறகு சொல்ற நன்றியை யாரும் காதுல வாங்குறதில்லை.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் நல்லாப் பேசினார். கைதட்டும் வாங்கினார். எதுக்கு வாங்கினார்? ஒரே ஒரு வரிக்கு. "உங்க மாடனுக்கு இப்போ சுருட்டு வேண்டாம், சார்ஜர் போதும். அவன் கோயில்ல இல்ல, செல்போன்ல இருக்கான்" அப்படின்னார். தட்டினதுல பாதிப்பேரு நம்ம ஊர் ஆளுகதான். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த டீக்கடை ஓரத்துல நின்னு விசிலடிச்ச மக்கா, உன்னையும் பார்த்தேன். நாளைக்கு உங்க பாட்டாகிட்ட சொல்லிக் கொடுக்கேன்.

நான் தயார் பண்ணிட்டு வந்தது வேற. 1871-ல எட்வர்ட் டைலர்னு ஒரு இங்கிலாந்துக்காரர், கல்லுக்கும் மரத்துக்கும் ஆத்துக்கும் ஆவி உண்டுன்னு மனுஷன் நம்புறதை அனிமிசம்னு சொல்லி, மதமெல்லாம் அங்கயிருந்துதான் கிளம்புச்சுன்னு பெரிய புஸ்தகம் எழுதினார். அவரைப் பிடிச்சு ஆரம்பிச்சு அழகா இறங்கி வரலாம்னு நாலு பக்கம் எழுதி வச்சிருந்தேன். அண்ணன் சார்ஜரைச் சொருகினதும் டைலர் லண்டனுக்கே திரும்பிட்டார். இப்போ சார்ஜருக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்கினா, நாளைக்கு மீன் சந்தைக்குப் போக முடியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது.

நேத்து ராத்திரி எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் மேடை. முடிச்சிட்டு இன்னைக்கு எல்லாரும் ஒரே வேன்ல வந்தோம். மேடையில ரெண்டு அணி, வேன்ல ஒரே அணி, அது உங்களுக்கும் தெரியும். பணகுடியில நிறுத்தி டீ குடிச்சோம். நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, பணகுடியில டீ குடிச்சாச்சு. காவல்கிணறு தாண்டினதும் காத்து வேனைப் பிடிச்சு ஆட்டுது. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது. முப்பந்தல் வருது, ரோட்டோரத்துல இசக்கியம்மன் கோயில். ஓட்டுறது மதுரைக்காரத் தம்பி, இந்த ரோட்டுக்குப் புதுசு. அங்க வண்டியைச் சிலோ பண்ணணும், ஒரு நிமிஷமாவது நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியாது. எண்பதுல போறான்.

கடைசி சீட்டுல இருந்து ஒரு குரல். "தம்பி... கொஞ்சம் ஓரங்கட்டு."

"எதுக்கு சார்?"

"டீ குடிக்கணும்."

யார் குரல்? நான் சொல்ல மாட்டேன். (எதிரணியைப் பார்த்து) இங்க நாலு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தர் மட்டும் இப்போ தண்ணி குடிக்கிறார்.

இறங்கிப் போனார். பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்தார். "என்ன அண்ணே, டீ எப்படி?"ன்னு கேட்டேன். "பரவாயில்லம்மா, சர்க்கரை கொஞ்சம் தூக்கல்"ன்னார். நெத்தியில குங்குமம்! சட்டைப் பையில எலுமிச்சம்பழம்! எந்த ஊர் டீக்கடையிலங்க டீயோட குங்குமம் தர்றாங்க?

பின்னால கேக்கலையா? கை காட்டுறாங்க. சரி, மறுபடியும் சொல்றேன். எனக்கு என்ன நஷ்டம், நேரம் எதிரணித் தலைவருடையது.

பணகுடியில டீ குடிச்சாச்சு. முப்பந்தல் வருது. "தம்பி, ஓரங்கட்டு." "எதுக்கு சார்?" "டீ." மொதல்ல சொன்னப்போ ஒண்ணை விட்டுட்டேன். இறங்கும்போது அண்ணன் செருப்பை வேன்லயே கழட்டி வச்சிட்டுப் போனார். வெறுங்காலோட டீ குடிக்கப் போன ஒரே மனுஷன் தமிழ்நாட்டுல இவர்தான். இன்னொண்ணையும் விட்டுட்டேன். இதுதான் முக்கியம். அவர் போன் எங்க இருந்துச்சு தெரியுமா? சீட்டு மேல. சார்ஜ்ல கிடந்துச்சு!

சாமி செல்போன்லதான் இருக்குன்னு சொன்னவரு, செல்போனைச் சார்ஜ்ல போட்டுட்டு, வெறுங்காலோட, வெறுங்கையோட எவளைப் பார்க்கப் போனார்? அண்ணன் வீட்டுச் சார்ஜருக்கு வர்ற கரண்டுலயும் முப்பந்தல் காத்துக்குப் பங்கு உண்டு, நடுவர் அய்யா. ஆசியாவுலயே பெரிய காற்றாலைக் கூட்டங்கள்ல ஒண்ணு அந்த இடம். இசக்கி உட்கார்ந்திருக்கிற ஊர் காத்துலதான் அண்ணன் போன் உயிரோட இருக்கு. மாடனுக்குச் சார்ஜர் தர நீங்க யாரு அண்ணே? அவங்கதான் உங்களுக்குத் தந்துக்கிட்டு இருக்காங்க.

போதும், விட்டுடறேன். பாவம், நாளைக்கும் அதே வேன்லதான் போகணும்.

எதிரணித் தங்கச்சி சினிமாவைப் பிடிச்சாங்க. 2022-ல காந்தாரான்னு கன்னடப் படம் வந்துச்சு, துளுநாட்டுத் தெய்வங்களான பஞ்சுருளியையும் குளிகனையும் ஊரெல்லாம் பார்த்துச்சு, அதுக்கப்புறம் தெய்வம் ரீல்ஸ் ஆயிடுச்சு, தியேட்டர் வாசல்ல வேஷம் போட்டுக் கத்துறாங்கன்னாங்க. நியாயம்தான், நானும் பார்த்தேன், எனக்கும் பிடிக்கலை. ஆனா அடுத்த பாகம் 2025-ல வந்தப்போ என்ன ஆச்சு? படம் எடுத்தவங்களே, "தயவு செஞ்சு தெய்வம் மாதிரி வேஷம் கட்டி ஆடாதீங்க, அது எங்க நம்பிக்கை"ன்னு கேட்டுக்கிட்டாங்க. நான் கேக்கேன், சூப்பர்மேன் வேஷம் போடாதேன்னு எந்த கம்பெனியாவது கையெடுத்துக் கும்பிட்டிருக்கா? ஜட்டியை வெளிய மாட்டிக்கிட்டுத் திரி மக்கான்னு அவனே வித்துக் கொடுப்பான். வெறும் வேஷமா இருந்தா யாருக்கும் பயமில்லை. உள்ள ஆள் இருக்குங்கிறதாலதான் கூசுது.

அடுத்தது மாடன் மோட்சம். நம்ம மாவட்டத்துக்காரர் ஜெயமோகன் எழுதின சிறுகதை. கவனிப்பார் இல்லாம கிடக்கிற சுடலைமாடன் பசியோட பூசாரிகிட்ட வந்து புலம்புறான். கடைசியில பெரிய சாமியாக்கி உள்ள உட்கார வச்சு, கிடாயையும் சாராயத்தையும் நிறுத்திச் சர்க்கரைப் பொங்கல் போட்டுடுறாங்க. "பார்த்தீங்களா, உங்க ஊர் எழுத்தாளரே மாடனை முடிச்சு வச்சிட்டார்"ன்னு அண்ணன் கேட்டார். அண்ணே, செத்தவனுக்குப் பசிக்குமா? வேஷத்துக்கு வயிறு உண்டா? அந்த மாடன் பூசாரிகிட்ட சண்டை போடுறான், ஏமாறுறான், சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து நொந்து போறான். அவ்வளவு உயிரோட ஒரு கதாபாத்திரம் கிடைச்சா நான் என் வகுப்புல ஒரு வாரம் நடத்துவேன். நம்ம நாகர்கோவில்லயே சுந்தர ராமசாமி 1966-ல ஒரு புளியமரத்தை நாயகனாக்கி நாவல் எழுதிட்டார். மனுஷங்க சண்டையில மரம் சாகுது. அதைப் படிச்சிட்டு மரத்துக்காகத் துக்கப்பட்டவங்க இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க. அந்த நாவல்ல மனுஷங்க பேரை நான் மறந்துட்டேன், மரம் நின்ன இடம் மறக்கலை.

ஜப்பான்ல மியாசாகின்னு ஒருத்தர். 2001-ல ஸ்பிரிட்டட் அவேன்னு ஒரு கார்ட்டூன் படம். அதுல சாமிகளெல்லாம் குளிக்க வர்ற ஒரு குளியல் வீடு. ஒரு நாள் நாத்தம் பிடிச்ச சேறா ஒரு உருவம் வருது, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறாங்க. ஒரு சின்னப் பொண்ணு மட்டும் அதோட விலாவுல என்னமோ குத்திக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துக் கயிறு கட்டி இழுக்கிறா. முதல்ல ஒரு சைக்கிள் வெளிய வருது. அதுக்குப் பின்னால மலை மாதிரி குப்பை. எல்லாம் வந்த பிறகுதான் தெரியுது, அது ஒரு ஆத்தோட தெய்வம். அந்தப் படத்துக்கு ஆஸ்கார் கொடுத்தாங்க.

இப்போ நம்ம பழையாத்துக்கு வாங்க. சுருளோட்டுப் பக்கத்துல மலையை விட்டு இறங்கி, சுசீந்திரம் வழியா மணக்குடிக் காயலுக்குப் போற வரைக்கும் அவ உடம்புல என்னவெல்லாம் குத்தி நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நம்ம ஊர்ப் பொண்ணு கயிறு கட்டி இழுத்தா சைக்கிளோட நிக்குமா? கல்யாண மண்டபத்து இலை, கோழிக்கடை மூட்டை, யாரோ மாமனார் போட்ட பழைய மெத்தை... போயிக்கிட்டே இருக்கும். ஆஸ்கார் கமிட்டிக்காரன் எழுந்து ஓடிருவான்.

சட்டத்துக்கும் வந்துட்டுது அய்யா. 2017-ல நியூசிலாந்து பார்லிமென்ட் வாங்கனூய் ஆத்தைச் சட்டப்படி ஒரு ஆளுன்னு ஏத்துக்கிட்டது. மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையா அந்த ஆறு எங்க முன்னோர்னு சொல்லிப் போராடினதுக்குக் கிடைச்ச பலன் அது. 2022-ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையே ஒரு வன நிலப் பட்டா வழக்குல இயற்கை அன்னையை உயிருள்ளவள்னு, உரிமை உள்ளவள்னு சொல்லிடுச்சு. இது போதும், கோர்ட்டைப் பத்தி மேடையில ரொம்பப் பேசக்கூடாது.

நாளைக்கு இதே மேடையில வில்லுப்பாட்டு. கீபோர்டு வந்திருச்சு, பேடு வந்திருச்சுன்னு எதிரணி சொன்னது உண்மை. எனக்கும் அந்த டொய்ங் டொய்ங் சத்தம் ஆகாது. ஆனா நாளைக்கு நீங்க ஒண்ணு பாருங்க. கதை போற வரைக்கும் கீபோர்டுக்காரன் விளையாடுவான். சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு தொடங்கட்டும். புலவர் வீசுகோலை ஓங்கி நாணுல அடிப்பார், வில்லு மணியெல்லாம் ஒண்ணா அதிரும், உடுக்கு இறுகும், குடத்துக்காரர் தலையைக் குனிஞ்சுக்குவார். கீபோர்டுக்காரன் கை தானா ஓரமாப் போயிரும். எவனும் அவன்கிட்ட நிறுத்துன்னு சொல்ல மாட்டான். அவனுக்கே தெரியும், இது அவனுக்கான இடமில்லைன்னு.

பெல்லா? ரெண்டு நிமிஷம் அய்யா. ரெண்டே நிமிஷம்.

நீங்க கேப்பீங்க, முப்பந்தல்ல நீ ஏன் இறங்கலைன்னு. நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்க வீட்டுல மாடனும் கிடையாது, இசக்கியும் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசை, மே மாசம் ஜெபமாலை, அவ்வளவுதான். ஆனா எங்க ஆளுக கடலைக் கடல்னு மட்டும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கடலம்மான்னுதான் சொல்வாங்க. கிறிஸ்தவ வேதம் வந்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ‘அம்மா’ போகலை.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை... அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே இங்க சில பேருக்குத் தொண்டை அடைக்கும். ஆழ்கடலுக்குப் போன ஆம்பிளைங்க வரலை. பல வீட்டுக்கு உடம்பும் வரலை. அன்னைக்கு அந்தக் கரையில ஒரு தாய் கல்லு மேல ஏறி நின்னு கடலைப் பார்த்துக் கத்தினா. "ஏட்டி, உனக்கு எத்தனை பிள்ளை வேணும்? எம் பிள்ளையை எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?" சாயங்காலம் வரைக்கும் திட்டினா. குரல் போன பிறகு மண்ணை அள்ளி எறிஞ்சா. கேக்கிறதுக்கு எதிர்ல ஒரு ஆள் இல்லாம எவளாவது அப்படிக் கத்துவாளா அய்யா?

நான் டீச்சர். அதுக்குச் சில வருஷம் கழிச்சு எங்க பகுதியில ஒரு ஓவியப் போட்டி. தலைப்பு, கடல். பிள்ளைங்க எல்லாம் படகு, சூரியன், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலைன்னு வரைஞ்சாங்க. ஒக்கியில அப்பாவைக் கொடுத்த ஒரு பிள்ளை மட்டும் ஒரு பொம்பிளையை வரைஞ்சா. நீல முடி, தாள் பூரா விரிஞ்சு கிடக்கு. முதுகு மட்டும்தான் தெரியுது. முகம் இல்லை. நான் பக்கத்துல போய், "ஏம்மா முகம் வரையலை? கலர் தீர்ந்துட்டா?"ன்னு கேட்டேன்.

"இல்ல டீச்சர். அவ அந்தப் பக்கம் திரும்பி இருக்கா. எங்க அம்மாவை நேராப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை."

அந்தப் பிள்ளை எந்த நாவலும் படிச்சதில்லை. மியாசாகியைத் தெரியாது. டைலரைத் தெரியாது. அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா கடலுக்கு வெட்கம் உண்டுன்னு?

ஆறுதல் பரிசுதான் கொடுத்தாங்க அய்யா. கடலே இல்லாத படத்துக்கு முதல் பரிசு எப்படிக் கொடுக்கிறதுன்னு அன்னைக்கு நடுவரா வந்தவங்க கேட்டாங்க. சோப்பு டப்பா ஒண்ணு, ஒரு சர்டிபிகேட்டு. அவ அதை வாங்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் டீச்சரா இருந்தும் அன்னைக்கு ஒரு வார்த்தை எழுந்து பேசலை.

இன்னைக்குப் பேசிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தராம விட்ட முதல் பரிசு உங்க கையில இருக்கு நடுவர் அய்யா. எங்க அணிக்குன்னு நினைச்சுத் தர வேண்டாம், அவளுக்குன்னு நினைச்சுத் தாங்க. வணக்கம்.