உப்புத் தண்ணீரில் குளக்கரைச் செடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்து மணலில் மல்லிகைப் பதியன் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிற ராமநாதபுரம் மாவட்டம் நம்முடையது. செடி வளர்ப்பு நமக்குப் புதிதில்லை. ஆனால் வீட்டு முன்னால் சின்னக் குளம் அமைத்து ஓரத்தில் அழகுச் செடி வைத்தால், பலருக்கு இலை நுனி கருகிப்போகிறது. வெயில்தான் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் காரணம் உப்பு.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள போர் தண்ணீரை நிரப்புகிறீர்கள். பாதி வற்றியதும் அதே தண்ணீரை ஊற்றினால் 3 கிராம். மறுபடி பாதி வற்றி நிரப்பினால் 4. சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு வேகமாக ஏறும். அதனால் வற்றியதும் உடனே நிரப்பாதீர்கள். மீதியில் கொஞ்சம் இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைத்தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிவிட்டால், வழிகிற தண்ணீரோடு உப்பும் வெளியேறும்.

சரி, என்ன செடி வைக்கலாம்? எனக்கு முதலில் தோன்றுவது விஷமூங்கில். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தின்றால்தான் ஆபத்து, அதிலும் கிழங்கில் நஞ்சு அதிகம். உப்புக்காற்றைத் தாங்கும், வெள்ளைப் பூ, நல்ல வாசம். கரை விளிம்பில் படர நீர்ப்பிரம்மி போதும், லேசான உப்புக்கு அது அசராது. கல்வாழையும் சேம்பும் நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு மட்டும். குடைக்கோரை வைத்தால் நர்சரிக்கு மறுபடி போக வேண்டாம்: குடை போன்ற தலையை நறுக்கித் தலைகீழாகத் தண்ணீரில் போட்டால் வேர் விட்டுவிடும்.

பூந்தொட்டியில் களிமண் நிரப்பிச் செடியை நட்டு, மேலே சரளை பரப்பி, மண்ணுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி குளத்தில் இறக்கினால் போதும். தென்னைநார்க் கழிவைக் கலக்கிறவர்கள் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும்.

குளம் வேண்டாம், சதுப்பு மண் போதும் என்றால் ஒரு முழம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, பக்கவாட்டில் சில துளை போட்டு, மண்ணால் மூடுங்கள். தார்ப்பாய் இல்லாவிட்டால் நம் மணல் ஒரு மணி நேரம்கூட ஈரத்தைப் பிடித்து வைக்காது.

கொசுவுக்குக் கப்பி மீன் விடுங்கள். ஆகாயத்தாமரையை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிஞ்சியதை ஒருவர் ஊருணியில் வீசினால், அதை அள்ளி எடுக்க ஊரே இறங்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.