ஆல்பத்தில் இருக்கும் அவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

போருக்காகக் கடல் கடந்து போன ஒரு படைவீரரின் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவதுண்டு. பீரங்கிப் புகையை எதிர்பார்த்திருப்பார்கள். இருப்பதோ துணி துவைக்கும் இருவர், சேற்றில் சிக்கிய வண்டி, முடி வெட்டிக்கொள்ளும் ஒருவர். சண்டையின்போது கை துப்பாக்கியில் இருக்கும். கேமராவை எடுக்க ஓய்வு நேரம்தான் வாய்க்கும். என்னைக் கேட்டால் அந்த ஓய்வு நேரப் படங்கள்தாம் அரியவை. கூட இருந்தவனுக்கு மட்டுமே காட்டும் முகம் அவற்றில் இருக்கிறது.

1912இல் கோடக் நிறுவனம் 'வெஸ்ட் பாக்கெட்' என்ற மடக்குக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மடித்தால் பைக்குள் அடங்கிவிடும். முதல் உலகப் போர் மூண்டதும் அதைப் படைவீரரின் கேமரா என்றே விளம்பரம் செய்தார்கள். 1914 கிறிஸ்துமஸ் நாளில் மேற்குப் போர்முனையின் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள். அவர்கள் சேர்ந்து நிற்பதை நாம் இன்று பார்க்க முடிவது, வீரர்கள் தாங்களே படமெடுத்ததால்தான். 1915 ஜனவரியில் அத்தகைய படங்கள் பிரிட்டிஷ் நாளிதழ்களில் வெளிவந்தன. போர்முனையில் வீரர்கள் சொந்தக் கேமரா வைத்திருக்கக் கூடாது என்ற தடை அந்த ஆண்டில் இறுகியது. அப்படியும் சிலர் ஒளித்து வைத்துப் படம் எடுத்தார்கள். தண்டனைக்குத் துணிந்து எடுத்த படங்கள் அவை.

அதே கேமராவின் பிந்தைய வகையில் பின்புறம் ஒரு சிறு திறப்பு இருந்தது. அதைத் திறந்து உலோகக் குச்சியால் எழுதினால் இடமும் தேதியும் ஃபிலிமிலேயே பதியும். அந்த வசதி இருந்தும், பெயர் இல்லாத முகங்கள் எத்தனையோ ஆல்பங்களில் நிறைந்திருக்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

ஆகவே படம் எடுத்தவரோ அவரை அறிந்தவரோ உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு முகத்தைக் காட்டி, "இவர் யார் தாத்தா?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். சொல்வதை மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் ஓரமாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். ஆல்பத்தின் வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தப் படத்துக்கு அடுத்து எது என்பதும் ஒரு சான்று. ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள். நெகட்டிவ்களை எறிய வேண்டாம். ஆனால் அந்தக் கால ஃபிலிம் எளிதில் தீப்பற்றும் வகையாக இருக்கலாம். வெப்பம் படாத இடத்தில் வைத்து, ஓர் ஆவணக் காப்பகத்தில் யோசனை கேளுங்கள்.

வணக்கம்.