குசினிக்கு ஒரு ஃபாம்ஹவுஸ் சிங்க்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மனைப்பொருளியல் படிப்பித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு விஷயத்தில் விடாப்பிடி உண்டு. வீடு கட்டும்போது வாசற்கதவுக்கு ஊரெல்லாம் அலைந்து மரம் பார்க்கிறோம். ஆனால் காலை, மதியம், இரவு என்று நின்று கை நனைக்கிற இடத்தை மேசனும் கடைக்காரரும் தீர்மானிக்க விட்டுவிடுகிறோம். இன்றைக்குப் பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான். அதிலும் கொழும்புத் தொடர்மாடிகளில் இப்போது பலர் விரும்பிக் கேட்கிற எவர்சில்வர் ஃபாம்ஹவுஸ் சிங்கைப் பற்றி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண சிங்க், திட்டில் வெட்டிய ஓட்டைக்குள் இறங்கியிருக்கும். உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூன்று நான்கு அங்குலத் திட்டு கிடக்கும். ஃபாம்ஹவுஸ் சிங்கில் அந்தத் துண்டே இல்லை. சிங்கின் முன்சுவர் அப்படியே வெளியில் தெரியும், நீங்கள் அதை ஒட்டி நிற்பீர்கள். எட்டிக் கழுவத் தேவையில்லை, அதுதான் இதன் பெரிய வசதி. இங்கிலாந்து, அயர்லாந்து வீடுகளில் இதைச் சுட்ட களிமண்ணில் செய்தார்கள். அது அழகுதான், ஆனால் பாரம் அதிகம், கிளாஸ் கைதவறினால் கிளாஸ் மிஞ்சாது. சோற்றுப்பானையும் மண்சட்டியும் தாச்சியும் புழங்குகிற எங்கள் குசினிக்கு உருக்குத்தான் தோது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பழைய சோனகத் தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நீளத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் முதலில் ஆழத்தைக் கேளுங்கள்.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பழைய தொடர்மாடி, குசினித் திட்டு 32 அங்குல உயரம். புதுப்பிக்கும்போது மருமகள் ஆசையாக 10 அங்குல ஆழச் சிங்க் வாங்கினார். ஆழம் கூடினால் தண்ணீர் தெறிக்காது என்று கடையில் சொன்னார்களாம். அது உண்மைதான். ஆனால் 32 அங்குலத்தில் 10 அங்குலத்தைக் கழித்துப் பாருங்கள். சிங்கின் அடித்தளம் தரையிலிருந்து 22 அங்குலத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே! பகல் முழுக்க அதில் நிற்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மாமியார். நான் போன நேரம் அவர் சூடை மீன் அலசிக்கொண்டிருந்தார். இடது கையைச் சிங்கின் விளிம்பில் ஊன்றி, வலது தோள் வரை உள்ளே சாய்த்து, ஒவ்வொரு மீனாக எடுத்தார். இரண்டு மீனுக்கு ஒருதரம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இதென்ன பிள்ளை, கிணத்துக்குள்ள கைவிட்டுத் துழாவுறது போலயெல்லே கிடக்கு" என்றார். மருமகள் இன்னும் உயரம், இரவில் பாத்திரம் கழுவும்போது அவருக்கு இன்னும் கூடிய குனிவு. கேட்டுக்கொண்டிருக்கிற உயரமானவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தாழ்ந்த சிங்க் உங்களைத்தான் அதிகம் வளைக்கும்.

சிங்கை மாற்றலாமே என்பீர்கள். சாதாரணச் சிங்க் என்றால் மாற்றலாம். இதில் முன்சுவரின் உயரத்துக்கு ஏற்றபடி கீழே அலுமாரியை வெட்டியாயிற்று. ஆழம் குறைந்ததை வைத்தால் முன்னால் இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கடைசியில் கால் வைத்த கம்பித் தட்டி ஒன்றை உள்ளே இறக்கினார்கள். மாமியார் இப்போது சட்டியை அதன்மேல் வைத்துத்தான் மீன் அலசுகிறார்.

ஆகவே கடைக்குப் போகமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அதிக நேரம் அந்த இடத்தில் நிற்கப்போகிறவரைச் செருப்பில்லாமல் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கட்டும். தரையிலிருந்து அந்த மடக்கிய கை வரை அளந்து, திட்டின் உயரத்திலிருந்து கழியுங்கள். வருகிற எண்தான் உங்கள் ஆழம், அதற்குமேல் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், திட்டின் உயரத்திலிருந்து கையின் உயரத்தைக் கழியுங்கள். அப்புறம் வீட்டிலுள்ள பெரிய பானையின் வாயை அளந்துகொண்டு போங்கள். அது படுத்துப் புரள இடம் வேண்டும். இரண்டு சிறிய குழிகளை விட ஒரு பெரிய குழி நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தது தகடு. அதன் தடிப்பைக் கேஜ் என்ற எண்ணில் சொல்வார்கள், அந்த எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர், 18 கேஜ் ஒன்றேகால், 22 கேஜ் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. 22 பெரிய எண், அதனால் பலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் விட்டுவிடுங்கள். அடிப்புறத்தில் ரப்பர்த் துண்டும் பூச்சும் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சத்தம் குறைவதோடு, எங்கள் ஈரக்காற்றில் அடிப்பக்கம் வியர்த்து அலுமாரிக்குள் சொட்டுவதையும் அது தடுக்கும்.

உருக்கின் தரம் 304 என்று பார்த்து வாங்குங்கள். அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். காந்தம் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் நிக்கல் இல்லாத 430. ஆனால் ஒட்டாவிட்டால் 304 என்று முடிவுகட்ட முடியாது, நிக்கல் குறைந்த 201 தரமும் ஒட்டாது. அதனால் தர எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்கு இது முக்கியம், உப்புக்காற்று மலிவான உருக்கில் சீக்கிரம் கபில நிறப் புள்ளி போடும்.

பொருத்துவது பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் விடமாட்டேன். 30 அங்குல நீளம், 18 அகலம், 9 ஆழமுள்ள சிங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 80 கிலோ அளவில் வரும். சிலிக்கன் பசை அதைத் தாங்காது, இரண்டு பக்கமும் கீழிருந்து முட்டு வேண்டும். கொங்கிறீற்றுத் திட்டின் முன்விளிம்பை வெட்டினால் உள்ளேயுள்ள கம்பியும் வெட்டுப்படும், விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் வெட்டவிடாதீர்கள். முன்சுவர் அலுமாரிக் கதவை விடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், வழிகிற தண்ணீர் பலகையில் படாது.

பராமரிப்புக்கு அரை நிமிடம்தான் தருகிறார்கள். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள்தான் துருப்பிடிக்கும். ப்ளீச்சை ஊறவைக்காதீர்கள், அடைப்பு எடுக்கிற அசிட்டை ஊற்றாதீர்கள். கருவாடு கழுவின உப்புத்தண்ணீரை இரவுக்கு விடாமல் அலசி, துணியால் துடையுங்கள். தேய்க்கும்போது தகட்டில் கோடு ஓடுகிற திசையிலேயே தேய்க்கவேண்டும். கடைசியாக, சிங்க் வாங்கும்போது வடிகுழாயைப் பின்மூலைக்குக் கேளுங்கள், கீழே அலுமாரியில் இடம் மிஞ்சும். நன்றி, வணக்கம்.