ரயில் கிளம்பினால் துகள் முடுக்கி ஏன் துள்ளியது?

1995 நவம்பர். ஜெனீவா நிலையத்திலிருந்து மாலை 5 மணிக்குச் சற்று முன்பு ஓர் அதிவேக ரயில் பாரிஸ் நோக்கிக் கிளம்புகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பூமிக்கு அடியில் சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், நுண்துகள்களை அதிவேகத்தில் சுற்றவிடும் ஒரு துகள் முடுக்கி இருக்கிறது. ரயில் நகர்ந்ததும் முடுக்கியின் காந்தப்புலம் துள்ளுகிறது. இரண்டையும் இணைக்க யாரும் ஒரு கம்பிகூடப் போடவில்லை. பிறகு எப்படி?

வணக்கம். இன்றைய வீடியோ இந்த மர்மத்தைப் பற்றியது. இயற்பியல் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த துப்பறியும் கதை இதுதான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முடுக்கியின் பெயர் எல்.இ.பி. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்துக்குச் சொந்தமானது. 27 கிலோமீட்டர் சுற்றளவு. 1989 முதல் 2000 வரை எலக்ட்ரான்களையும், அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களையும் எதிரெதிராகச் சுற்றவிட்டு மோதவைத்தது. முதல் சில ஆண்டுகளின் இலக்கு இசட் போசான் என்ற துகள். அதன் நிறையை மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். அதற்கு, மோதும் துகள்களின் ஆற்றல் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். பின்னணி அவ்வளவுதான்.

ஆற்றலை அளந்த விதமே அழகு. சுற்றிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி தானாகவே மெல்ல ஒரே திசைக்கு வரும். ஒரு சுற்று முடிவதற்குள் அந்தத் தற்சுழற்சியின் அச்சு 103 முறைக்கும் சற்று அதிகமாகச் சுழன்றுவிடும். எத்தனை முறை என்பது ஆற்றலைப் பொறுத்தது. ஆகவே அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்தால் ஆற்றல் கைக்கு வந்துவிடும். பிழை ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது). கற்றையில், அதாவது சேர்ந்து பாயும் துகள் கூட்டத்தில், ஒவ்வொரு துகளின் ஆற்றலோ ஏறத்தாழ 46,000 மெகா எலக்ட்ரான் வோல்ட்!

இவ்வளவு கூர்மையான அளவுகோல் கிடைத்ததும்தான் சிக்கல் தொடங்கியது. எந்தக் கட்டுப்பாட்டுக் குமிழையும் யாரும் தொடாதபோதே ஆற்றல் மாறிக்கொண்டிருந்தது.

முதல் குற்றவாளி நிலா.

[திரையில்: சுரங்கப்பாதை வளையம், மேலே முழுநிலவு]

நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல் பொங்குகிறது என்பது நமக்குத் தெரியும். தரையும் பொங்குகிறது! ஜெனீவா பகுதியில் முழுநிலவின்போது நிலமே சுமார் 25 சென்டிமீட்டர் எழும்பும். எல்லாம் சேர்ந்தே எழும்புவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த எழும்பலில் 27 கிலோமீட்டர் வளையம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விரிகிறது.

ஒரு மில்லிமீட்டருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? ஓடுகளம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரரால் இதற்கு மேல் வேகமாக ஓட முடியாது. ஆனாலும் பழைய நேரத்திலேயே சுற்றை முடித்தாக வேண்டும். அவர் என்ன செய்வார்? உள்ளோரமாக ஒதுங்கி ஓடுவார். ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும் எலக்ட்ரான்களும் அதையேதான் செய்கின்றன. கற்றை மையத்தை விட்டு விலகியதும் குவிக்கும் காந்தங்கள் அதை வேறு விதமாக வளைக்கின்றன, ஆற்றல் குறைகிறது. ஒரு மில்லிமீட்டர் விரிவுக்குச் சுமார் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை மாற்றம். 1992 நவம்பரில் முழுநிலவையொட்டி மணிக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். கணித்த வளைகோட்டின் மீதே அளவீடுகள் வந்து உட்கார்ந்தன.

ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் வளையத்தை அசைத்தது. அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

இப்போது ரயிலுக்கு வருவோம். கொஞ்சம் நீளமாகத்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துகள்களை வளைத்துச் சுற்றவைப்பவை காந்தங்கள்; அவற்றின் புலம் மாறினால் ஆற்றலும் மாறும். 1995-இல் சுரங்கப்பாதைக்குள் இருந்த அந்தக் காந்தங்களில் புலத்தை நேரடியாக அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. நேர்கோடாக இருக்க வேண்டிய புலம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதோடு, நேரம் போகப் போக மெல்ல ஏறிக்கொண்டும் இருந்தது. அதைவிட விசித்திரம் ஒன்று: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நடுக்கம் அடங்கிவிடும், விடிந்ததும் மறுபடி தொடங்கும். நிலாவுக்கு இப்படி ஒரு நேர அட்டவணை கிடையாது. மனிதர்களுக்குத்தான் உண்டு.

துகள் பாயும் உலோகக் குழாயில் எங்கிருந்தோ சுமார் ஒரு ஆம்பியர் மின்னோட்டம் அலைந்துகொண்டிருந்தது. அதன் ஊற்றைத் தேடிப் போனவர்கள் தண்டவாளத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பக்கத்துப் பிரெஞ்சு ரயில்கள் அப்போது 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் ஓடின. மேலே கம்பியில் வரும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். அதில் ஒரு பங்கு தரைக்குள் கசியும். கசிந்தது சுலபமான வழியைத் தேடும். மண்ணுக்கடியில் 27 கிலோமீட்டர் உலோகக் குழாய் இருக்கும்போது வேறு வழி எதற்கு? குழாயில் ஏறி, வெர்சுவா ஆற்றுப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

நிரூபிக்க வேண்டாமா? 1995 நவம்பரில் மூன்று அளவீடுகளை ஒரே நேரத்தில் எடுத்தார்கள். தண்டவாளத்தின் மின்னழுத்தம், குழாயின் மின்னழுத்தம், காந்தத்தின் புலம்.

[திரையில்: ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரைகோடுகள்]

பாரிஸ் ரயில் ஜெனீவாவில் புறப்படுகிறது, வழியில் உள்ள மேய்ரின் நிறுத்தத்தைத் தாண்டுகிறது, ஸிமேசா நிறுத்தத்தைத் தாண்டுகிறது. மூன்று கோடுகளும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. இந்த வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வீடியோவை இங்கே நிறுத்தி, ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுக்கம் சரி, புலம் ஏன் ஏறியது? காந்தத்தின் இரும்புக்குள் குட்டிக் காந்தங்களைப் போன்ற கோடிக்கணக்கான நுண்பகுதிகள் உண்டு. ஒவ்வொரு மின் அதிர்வும் அவற்றைத் தட்டிக் கொடுத்து, இன்னும் சில பகுதிகளைப் புலத்தின் திசைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் ஆற்றல் சில மெகா எலக்ட்ரான் வோல்ட் கூடிவிடும். முன்பெல்லாம் ஆற்றலை அளந்தது முடுக்கியின் ஒவ்வொரு ஓட்டமும் முடியும் நேரத்தில், அதாவது புலம் ஏறி முடிந்த பிறகு. ஆக, பழைய கணக்குகளையும் திருத்த வேண்டியதாயிற்று.

இத்தனையும் கழித்த பிறகு கிடைத்த இசட் போசானின் நிறை 91,187.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்), பிழை 2.1 மட்டுமே. லட்சத்தில் இரண்டு பங்கை ஒட்டிய துல்லியம்! புதுத் துகளைக் கண்டவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல், இந்த ரயிலைப் பிடித்தவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

அதே சுரங்கத்தில் இன்று இருக்கும் எல்.எச்.சி. முடுக்கியும் நிலாவை உணர்கிறது. 2016 நவம்பரில் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கம்கூட அதன் கற்றையில் பதிவானது. அடுத்து 90 கிலோமீட்டருக்கும் அதிகச் சுற்றளவில் ஒரு வளையம் கட்டத் திட்டம் தீட்டுகிறார்கள். இசட் போசானின் நிறையை இப்போதைவிடச் சுமார் 20 மடங்கு துல்லியமாக அளப்பது அதன் இலக்குகளில் ஒன்று. வளையம் பெரிதாகும்போது நிலாவின் தொல்லையும் பெரிதாகும்.

1996-இல் எல்.இ.பி. குழாய்க்குள்ளேயே இரண்டு பீர் பாட்டில்கள் கிடந்து, கற்றையை நகரவிடாமல் மறித்தன. அந்தக் கதை அடுத்த வீடியோவில். சேனலைப் பின்தொடர்ந்து வையுங்கள்.